வேற்றுலக உயிர்க்கு உருத் தந்தவர்: சத்தியஜித் ராய்

தோற்றுவாய்

காணாத உயிரைக் கண்டதுபோல் பிறர்க்குக் காட்டுதல் எளிய தொழிலன்று. ஆயினும் நம் நாட்டுக்கு அது புதிய தொழிலுமன்று. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியிலும், அண்டையிலுள்ள காஞ்சியிலும் பட்டுத் தறியின்முன் அமர்வோர் தலைமுறை தலைமுறையாக அதனைச் செய்து வந்துள்ளனர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை நம்முள் எவர் கண்டார்? சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் கொண்ட யாளி எந்தக் காட்டில் உலவிற்று? இருதலைப் பட்சி எம்மரத்திற் கூடு கட்டிற்று? எவரும் அறியார். எனினும், பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் அவை அமர்ந்திருக்கக் காணுங்கால், இவை பொய் என்று எவரும் முகம் சுளிப்பதில்லை.

இதற்குக் காரணம் யாது? உரு வரைவோர் முதலிற் கட்டமிட்ட தாளில் அப்பறவையை வரைவர். கட்டங்கள் இழைகளின் கணக்கைக் காட்டும். அக்கணக்கை அட்டைகளிலே துளைகளாக்கி ஜக்கார்டுப் பெட்டியில் ஏற்றுவர். கழுத்துச் சிறிது தடித்தால் அன்னம் வாத்தாகிவிடும். கால் சிறிது குறைந்தால் யாளி படுத்துவிடும். சேலை கொள்ள வந்த அம்மையார்க்குப் பிழை இன்னதென்று சொல்லத் தெரியாது. ஆனால் அதனை ஒதுக்கி வேறொன்றை எடுப்பார். உறுப்புக்கள் நாம் அறிந்தவையாயும், அவை ஒன்றோடொன்று பொருந்தியனவாயும் இருந்தாலன்றி, காணாத உயிரைக் கண் ஏற்றுக்கொள்ளாது.

இந்நாளில் விஞ்ஞானக் கதைகள் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் மலிந்துள்ளன. பிற கோள்களில் வாழும் உயிர்கள் நம் வீட்டுக் கூடத்திலேயே தோன்றிப் பேசுகின்றன. அவற்றுட் பல, பார்த்த மறுநாளே மறக்கப்படுகின்றன. மிகச் சிலவே நெஞ்சில் நிற்கின்றன. அவ்வாறு நிற்கத்தக்க ஓருயிரை இந்திய மண்ணிற் கற்பனை செய்து, கோட்டோவியமாகவும் வரைந்து, அதனைத் திரையிற் காணும் பேறு பெறாமலே மறைந்தவர் ஒருவர் உளர். அவரே வங்கத் திரைப்பட மேதை சத்தியஜித் ராய். அவர் வாழ்க்கையின் இவ்வொரு பகுதியை எம் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடிமரபு

ராய் 1921-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். அவர்தம் பாட்டனார் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், இசைஞர். இவை யாவற்றினும் மேலாக அச்சுத்தொழில் வல்லுநர். நிழற்படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சுக் கட்டையாக்கும் முறையில் அவர் செய்த ஆராய்ச்சிகள் இங்கிலாந்திலும் மதிக்கப்பெற்றன. உருவத்தைப் புள்ளிகளாக உடைத்து மீண்டும் உருவமாக்கும் அத்தொழிலும், உருவத்தைக் கட்டங்களாக உடைத்து இழையிலே மீண்டும் எழுப்பும் நெசவுத் தொழிலும் உடன்பிறந்தவை எனலாம். 1913-ஆம் ஆண்டில் அவர் சிறுவர்க்கென சந்தேஷ் என்னும் இதழைத் தொடங்கினார். வங்கமொழியில் அச்சொல் இனிப்பையும் குறிக்கும், செய்தியையும் குறிக்கும்.

தந்தையார் சுகுமார் ராய், 1911-இல் இங்கிலாந்து சென்று நிழற்படக் கலையும் அச்சுக் கலையும் பயின்று வந்தவர்; நகைச்சுவைக் கவிஞர். வாத்தும் முள்ளம்பன்றியும் கூடியது ஓர் உயிர்; யானையும் திமிங்கிலமும் கூடியது மற்றோர் உயிர்; அவற்றின் பெயர்களையும் அவ்வாறே பாதி பாதியாக ஒட்டி, உருவங்களையும் தாமே வரைந்தார். அவ்வுயிர்கள் வங்கச் சிறுவர்க்கெல்லாம் விளையாட்டுத் தோழராயின. ஆயின் ஆயுள் அவர்க்குக் குறுகியதாயிற்று. 1923-ஆம் ஆண்டு செப்டம்பரில், தம் 35-ஆம் அகவையிற் காலா அசார் என்னும் காய்ச்சலால் அவர் மறைந்தார். அவர்தம் புகழ்பெற்ற பாடல்நூலான ஆபோல் தாபோல் அவர் இறந்த சில நாட்களுக்குப் பின்னரே நூலாக வெளிவந்தது. மைந்தர் சத்தியஜித்துக்கு அப்பொழுது இரண்டரை அகவையும் நிரம்பவில்லை. சில ஆண்டுகளில் அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. அன்னையார் சுப்ரபா தம் மகனுடன் உடன்பிறந்தார் இல்லத்தில் வாழலானார். தந்தையை மைந்தர் அறிந்தது பெரும்பாலும் அவர் விட்டுச்சென்ற ஏட்டின் வாயிலாகவும், அவ்வேட்டில் உலவிய விந்தை உயிர்களின் வாயிலாகவுமே ஆகும்.

கல்வியும் தொழிலும்

கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிற் படிப்பை முடித்தபின், அன்னையாரின் விருப்பத்திற்கிணங்கி 1940-இல் அவர் சாந்திநிகேதனம் சென்றார். ஆங்கு நந்தலால் போஸ், வினோதவிகாரி முகர்ஜி ஆகிய ஓவிய ஆசிரியர்களிடம் பயின்றார்; அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களையும் கண்டார். 1942-இல் படிப்பை நிறைவு செய்யாமலே கல்கத்தாவிற்கு மீண்டு, 1943-இல் கீமர் என்னும் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் ஓவியராக அமர்ந்தார். நூல்களுக்கு மேலட்டை வரைதலும் அவர்தம் பணியாயிற்று.

அதே 1943-ஆம் ஆண்டிலேதான் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. அதனால் மாண்டோர் தொகை ஏறத்தாழ 30 இலட்சம் என்று கணிப்பர். எலும்பும் தோலுமாய், தலை மட்டும் பெரிதாய், கை கால் குச்சியாய்ப் போன குழவிகள் கல்கத்தா வீதிகளிற் கிடந்தன. நான்காண்டுகள் கழித்து நாடு பிரிந்தபொழுது, கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளாற் சியால்தா இரயில் நிலையம் நிறைந்தது. இவ்விரு காட்சிகளையும் நாம் மறவாது நெஞ்சில் இருத்துதல் வேண்டும். பின்னர் இவற்றின் பயன் விளங்கும்.

1955-இல் வெளிவந்த பதேர் பாஞ்சாலி என்னும் முதற்படமே அவரை உலகறியச் செய்தது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவிற் சிறந்த மனித ஆவணம் என்னும் பரிசையும் பெற்றது. அப்படத்தைப்பற்றி எழுதியோர் பலர். நாம் ஈண்டுக் குறிக்க விழைவது ஒன்றே. ராய் தம் படங்களின் காட்சிகளையும், ஆடை அணிகளையும், அரங்குகளையும் சிவப்புத் துணி அட்டையிட்ட கணக்கேடுகளிற் கைப்பட வரைந்துகொண்ட பின்னரே படம் பிடிக்கப் புகுவார். கையால் வரையாத எதனையும் அவர் கண் நம்பியதில்லை எனலாம்.

கதையிற் பிறந்த உயிர்கள்

1961-ஆம் ஆண்டில் ராய் தம் பாட்டனாரின் சந்தேஷ் இதழை நண்பர் சுபாஷ் முகோபாத்தியாயருடன் கூடி மீண்டும் உயிர்ப்பித்தார். இதழ் நடத்துவோர்க்கு எழுத்துப் பஞ்சம் வருதல் இயல்பு. ஆதலின் ஆசிரியரே கதை எழுத வேண்டியதாயிற்று. அவ்வாறு பிறந்தவரே பேராசிரியர் சங்கு. தாமே கட்டிய விண்கலத்தில், ஏவலாளனையும் பூனையையும் இயந்திர மனிதனையும் உடன்கொண்டு செவ்வாய்க்குச் செல்லும் வேடிக்கை விஞ்ஞானி அவர்.

அம்முதற் கதையிலே செவ்வாய் உயிர் யாங்ஙனம் அமைந்தது? மனிதனுமன்று, விலங்குமன்று, மீனுமன்று. மூன்றிற்கும் சிற்சில ஒப்புமை உண்டு. மூன்று முழ உயரம். கால் உண்டு, கைக்கு ஈடாக மீனின் துடுப்பு. பெருந்தலை, பல்லில்லாத அகன்ற வாய், நடுவே ஒற்றைப் பச்சைக் கண். உடலெங்கும் வெயிலில் மின்னும் செதில். இது தந்தையாரின் முறையே. அறிந்த உயிர்களின் உறுப்புக்களை எடுத்துக் கூட்டிய கூட்டு. படிக்குங்கால் நகை தோன்றும். அச்சமும் சிறிது தோன்றும். ஆயின் அவ்வுயிர் என்ன எண்ணுகிறது, எதனை விரும்புகிறது என்று நாம் கேட்பதில்லை.

மறு ஆண்டு, 1962-இல், அவர் வங்குபாபுவின் நண்பன் என்னும் கதையை எழுதினார். வங்குபாபு சிற்றூர்ப் பள்ளியாசிரியர், அமைதியே உருவானவர். ஊர்ப் பெரியவர் வீட்டு மாலைக் கூட்டத்தில் அவரை எள்ளி நகையாடுதலே பிறர்க்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் இரவு மூங்கிற் காட்டினூடே வீடு திரும்புகையில், குட்டையருகே இறங்கிய கலத்தையும் அதிலிருந்து வந்த ஆங் என்னும் வேற்றுலகத்தானையும் அவர் காண்கிறார். மயிரில்லாத உடல், காதும் மூக்கும் இருக்கவேண்டிய இடங்களிற் சிறு துளைகள், ஒளிரும் மஞ்சட் கண்கள். உரு விந்தையே, ஆயின் பேச்சோ நெடுநாட் பழகிய நண்பர் பேச்சு. இத்துணைப் பணிவு மனிதனுக்கு ஆகாது என்று அவன் ஆசிரியர்க்கு அறிவுறுத்திச் செல்கிறான். அதன்பின் வங்குபாபு அக்கூட்டத்திற் புகுந்து தம்மை இகழ்ந்தோர்க்குத் தக்க விடை கூறி, நிமிர்ந்து வெளியேறுகிறார்.

இவ்விரு கதைகட்கும் இடைப்பட்ட காலம் ஓராண்டே. ஆயினும் இடைப்பட்ட தொலைவு பெரிது. முன்னைய உயிர் உறுப்புக்களின் தொகுதி. பின்னையது ஓர் உள்ளம். வேற்றுலகத்தானை நம்பச் செய்தற்கு அவனைக் காணும் மனிதன் மெய்யான மனிதனாக இருத்தல் வேண்டும் என்பதை ராய் கண்டுகொண்டார். ஊரும், மூங்கிற் காடும், கேலிப் பேச்சும் ஐயத்திற்கு இடமின்றி அமைந்துவிட்டால், அங்கு வந்து நிற்கும் விருந்தினனையும் வாசகர் ஐயுறார்.

உடலின் கணக்கு

உயிரின் உருவை அமைப்போர் மனம்போனவாறு அமைத்தல் இயலாது. உடற்கும் ஒரு கணக்கு உண்டு. இதனை எளிய முறையில் விளக்கியவர் ஆங்கில உயிரியல் அறிஞர் ஹால்டேன். 1957-இல் இந்தியா போந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற் பணிபுரிந்து, இந்நாட்டுக் குடிமகனுமாகி, 1964-இற் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். 1926-இல் அவர் எழுதிய கட்டுரையொன்று இன்றளவும் உரு வரைவோர்க்குப் பாடமாகும். மனிதனைப்போற் பத்து மடங்கு உயரமும் அதற்கேற்ற அகலமும் பருமனும் உடைய அரக்கன் ஒருவனைக் கருதுக. அவன் எடை ஆயிரம் மடங்காகும். அவன் கால் எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் ஆகும். ஆகவே எலும்பின் ஒவ்வோரங்குலமும் முன்னையிற் பத்து மடங்கு சுமை தாங்குதல் வேண்டும். ஓரடி எடுத்துவைத்த மாத்திரத்தே கால் முறியும். எறும்பு மனித அளவு வளரினும் இக்கதியே. நுண்குழாய்களின் வழியே காற்றை உட்கொள்ளும் அதன் மூச்சுமுறை, பேருடலுக்குப் போதாது.

பார்வையாளர் இக்கணக்கை அறியாதிருக்கலாம். அவர் கண் அறியும். கனத்த உடலைக் குச்சிக் கால்கள் தாங்கி விரைந்தோடக் காணின், இது பொம்மை என்று உள்ளம் ஒதுக்கிவிடும். சேலையின் கரையில் அன்னத்தின் கழுத்துப் பிழைத்ததை உணரும் கண்ணும் இதுவே.

அக்காலத்து மேனாட்டுத் தொலைக்காட்சி இவ்விடரை இருவகையாகக் கடந்தது. ஆங்கில நாட்டு ஒலிபரப்புக் கழகம் 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூ என்னும் தொடரில் தாலெக்குகள் என்னும் பகையுயிர்கள் வந்தன. அவற்றின் உருவை அமைத்த ரேமண்ட் கூசிக், வேடமணிந்த மனிதன் என்பது எவ்வாற்றானும் தோன்றலாகாது என்று கருதிக் கால்களையே மறைத்து, தரையில் வழுக்கிச் செல்லும் கூடுகளாக அவற்றைப் படைத்தார். அமெரிக்க நாட்டில் 1966-இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரோ, பொருள் மிகுதியாகச் செலவிட இயலாமையின், ஸ்பாக் என்பாருக்குக் கூரிய காதும் சாய்ந்த புருவமும் மட்டுமே தந்தது. எஞ்சிய வேற்றுமையை அவர்தம் உணர்ச்சியற்ற பேச்சே காட்டிற்று. ஒன்று மனித உருவை முற்றும் மறைத்தது. மற்றொன்று மனித உருவையே வைத்துக்கொண்டது. ராய் இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழியொன்றைக் கண்டார்.

தாமரைக் குளத்து விருந்தினன்

1966-இல் கல்கத்தாவில் விஞ்ஞானக் கதைத் திரைப்படக் கழகம் ஒன்று தோன்றிற்று. ராய் அதன் தலைவரானார். இலங்கையிற் குடியேறி வாழ்ந்த ஆங்கில விஞ்ஞானக் கதையாசிரியர் ஆர்தர் கிளார்க்குடன் அவர்க்குத் தொடர்பு உண்டாயிற்று. ராய் தம் உள்ளத்திலிருந்த கதையைக் கிளார்க்கிடம் உரைக்க, கிளார்க் அதனைக் கொழும்பிலிருந்த தம் தோழர் மைக் வில்சனுக்குச் சொன்னார். 1962-இல் வண்ணத்தில் வெளிவந்த முதற் சிங்களப் படத்தை எடுத்தவர் அவ்வில்சன். அவர் கல்கத்தாவிற்கே வந்து ஊக்க, 1967-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராய் அக்கதையைத் திரைவசனமாக எழுதி முடித்தார். வேற்றுலகத்தான் என்பது அதன் பெயர்.

வங்கச் சிற்றூர் ஒன்றின் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்கி மூழ்குகிறது. அதன் உச்சி மட்டும் நீருக்கு மேலே பொன்னிறமாய்த் தோன்றுகிறது. ஊரார் அதனைப் பாதாளத்திலிருந்து எழுந்த கோயில் எனக் கருதி வழிபடுகின்றனர். செல்வ வணிகர் ஒருவர் அதனைத் தம் பெருமைக்குரிய திருப்பணியாக்க முனைகிறார். கிணறு தோண்ட வந்த அமெரிக்கப் பொறியாளரும், செய்தி தேடும் வங்க இளைஞரும் அதன் உண்மை யாதென ஆராய்கின்றனர். கலத்திலிருந்து வெளிவரும் உயிரோ, ஹாபா என்னும் ஏழைச் சிறுவனுடன் அவன் கனவிற் புகுந்து விளையாடுகிறது. பருவமல்லாப் பருவத்தில் மாமரத்தைக் காய்க்கச் செய்கிறது. விளையாத வயலை ஓரிரவிற் கதிர் முற்றச் செய்கிறது.

அவ்வுயிரின் உரு யாது? சிறிய உடல், பெரிய தலை, மெலிந்த மார்பு, குச்சி போன்ற கை கால். ஆணோ பெண்ணோ என்பது விளங்காது. தீமையையோ பேராற்றலையோ அதனிடம் எவரும் ஐயுறார். எனினும், பசியால் நலிந்த அகதிக் குழந்தையைப் போன்ற தோற்றம் உடைமையால், காண்போர் நெஞ்சில் ஒரு நடுக்கமும் எழும். திரைவசனத்திலே ராய் குறித்த கருத்தின் சாரம் இது. அவர் வரைந்த கோட்டோவியங்களும் இதனையே காட்டுகின்றன.

இவ்வுருவில் ஹால்டேன் கூறிய கணக்கு பிழைபடவில்லை. எடை குறைந்த உடலை மெலிந்த கால்கள் தாங்கும். மனித உருவை முற்றும் மறைக்கவுமில்லை; அப்படியே வைத்துக்கொள்ளவுமில்லை. எல்லாவற்றினும் மேலாக, இவ்வுரு விண்ணிலிருந்து வந்ததன்று. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சமும், சியால்தா நிலையத்து அகதிகளும் கல்கத்தாவாசிகள் கண்ணில் விட்டுச்சென்ற உருவே இது என்பது எம் கருத்து. வேற்றுலகத்தான் நமக்கு அச்சமூட்டுவது அவன் அறியப்படாதவனாய் இருத்தலாலன்று. நாம் நன்கு அறிந்து, காணாததுபோல் கடந்துசென்ற குழந்தையின் முகத்தோடு அவன் வந்து நிற்பதாலேயாம். அக்குழந்தையின் கையாலேயே ஓரிரவில் நெல் விளைகிறது. பசித்தவர்க்குப் பசியாற்றும் ஆற்றலைத் தந்த இக்கற்பனையினும் சிறந்த அறத்தை நாம் விஞ்ஞானக் கதைகளில் மிகுதியாகக் கண்டதில்லை.

கைநழுவிய படைப்பு

அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் இப்படத்தை எடுக்க முன்வந்தது. வணிகர் வேடத்தைப் பீட்டர் செல்லர்ஸ் ஏற்பதாகப் பாரிசில் இசைந்தார். 1967-இல் ராய் ஹாலிவுட் சென்றார். ஆங்கு அவர் கண்டது யாது? தம் திரைவசனம் பல படிகளாக உருட்டச்சு இடப்பெற்றுக் கைக்குக் கை உலவிற்று. அதன்மேல் உரிமையாளர் பெயராகத் தம் பெயருடன் வில்சன் பெயரும் இருந்தது. நிறுவனம் தந்த முன்பணமும் தம் கைக்கு வந்திலது என்று ராய் பின்னாளிற் தாமே எழுதிய வரலாற்றிற் குறித்துள்ளார். 1968-இற் செல்லர்சும் தம் பாத்திரம் நிறைவாக இல்லை என்று விலகினார். வில்சன் தலையை மழித்துக்கொண்டு தென்னிந்தியக் காடுகளில் தவம் செய்யப் போய்விட்டார் எனக் கிளார்க்கின் மடல் பின்னர்த் தெரிவித்தது. வில்சன் தம் உரிமையையும் விட்டுக்கொடுத்தார். ஆயின் காலம் கடந்துவிட்டது. படம் எழவேயில்லை.

1982-இல் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் இயக்கிய ஈ. டி. என்னும் அமெரிக்கப் படம் வெளிவந்து உலகெங்கும் ஓடிற்று. பெரிய தலையும் மெலிந்த உடலும் உடைய சிறிய வேற்றுலகத்தான். அவனுக்கு நண்பன் ஒரு சிறுவன். வாடிய மலரை அவன் தழைக்கச் செய்கிறான். அவ்வுருவை இயந்திரப் பொம்மையாக அமைத்தவர் இத்தாலியரான கார்லோ ராம்பால்டி. தம் திரைவசனப் படிகள் அமெரிக்காவில் உலவியிராவிடின் அப்படம் தோன்றியிராது என்று ராய் கருதினார். கிளார்க்கும் ஒப்புமைகளைச் சுட்டினார். ஸ்பீல்பர்க் அதனை மறுத்தார். நீதிமன்றத்தில் ஆராயப்படாத இவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் புகுதல் முறையன்று. ராய் வழக்குத் தொடுக்க விரும்பவில்லை என்பதும், அதன்பின் வேற்றுலகத்தானை எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டார் என்பதும் உறுதி.

ஆரணி நெசவாளர் இல்லத்தில் இதனைச் சொல்லின் வியப்பவர் இரார். ஒருவர் பல நாள் கண்விழித்து வரைந்த உரு, மறு திங்களே வேறொருவர் தறியில் இறங்குதல் அவர்கள் அறியாத துயரன்று. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அது ஊரின் பெயரைக் காக்குமேயன்றித் தனியொருவர் வரைந்த உருவைக் காவாது. உருவைக் காத்தற்கு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் உண்டு. ஆயின் பலர் பார்வைக்கு விடுமுன்னரே பதிவு செய்துகொண்டார்க்கே அது துணையாகும். நண்பர் என நம்பி, எழுத்தால் உறுதி செய்யாமல் ஏட்டைக் கைவிடுதல் பெருந்தன்மையாகலாம், முன்கருதலாகாது. ராயின் அறிவிற் குறை காண்பார் இலர். இவ்வொன்றில் அவர்தம் நம்பிக்கை அவர்க்குப் பெரும் இழப்பாயிற்று.

இழப்பிற்குப் பின்

இழப்பின்மேல் அமர்ந்து அழுபவராக ராய் இருந்திலர். ஹாலிவுட் முயற்சி குலைந்துகொண்டிருந்த அந்நாட்களிலேயே அவர் தம் பாட்டனார் எழுதிய கதையொன்றைப் படமாக்கலானார். கூபி, பாகா என்னும் இரு பாடகர்களைப் பற்றிய அப்படம் 1969-இல் வெளிவந்தது. அதில் நால்வகைப் பேய்கள் ஆடும் நீண்ட நடனம் ஒன்றுண்டு. அரசர், குடியானவர், வெள்ளைத் துரைமார், பருத்த செல்வர் என நான்கு வகுப்பு. வகுப்புக்கு ஒரு வாத்தியம். அவ்வாத்தியங்களை அவர் எங்கிருந்து பெற்றார்? மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங் என்னும் நம் தென்னாட்டுத் தாளவாத்தியக் கச்சேரியிலிருந்தே பெற்றார். நாம் திருவிழாப் பந்தலிற் கேட்டுப் பழகிய ஒலி, அவர் கையிற் பேயுலகின் மொழியாயிற்று. அறிந்ததைக்கொண்டு அறியாததைப் படைக்கும் அம்முறையே மீண்டும் வெற்றி கண்டது.

1973-இல் அவர் 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தையே பொருளாகக்கொண்டு அசனி சங்கேத் என்னும் படத்தை எடுத்தார். பேராசிரியர் சங்குவின் கதைகளையும் இறுதிவரை எழுதிவந்தார். 1992-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கல்கத்தா மருத்துவமனைக் கட்டிலிற் படுத்தவாறே அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் சிறப்பு விருதை ஏற்றார். அவ்வாண்டே பாரத ரத்தினமும் அவர்க்கு அளிக்கப்பெற்றது. ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் மறைந்தார். 2006-இல் வங்குபாபுவின் கதை தொலைக்காட்சிப் படமாயிற்று. 1962-இல் அக்கதை எழுதப்பட்டபொழுது கல்கத்தாவிற்குத் தொலைக்காட்சியே வந்திலது. அது 1975-இலேதான் வந்தது. தாமரைக் குளத்து விருந்தினன் மட்டும் ஏட்டிலும் கோட்டோவியத்திலுமே தங்கிவிட்டான்.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! இக்காலத்தில் எவ்வுருவையும் கணினியின் துணையால் எளிதில் எழுப்பலாம். கொம்பும் வாலும் எத்தனையேனும் சேர்க்கலாம். ஆதலின் உருக்கள் பெருகின; நம்பிக்கையோ பெருகவில்லை. உங்களுள் சிலர் இத்தொழிலுக்கே செல்லக்கூடும். ஏனையோரும் எழுத்திலோ, ஓவியத்திலோ, தறியிலோ ஏதேனும் ஒன்றைப் புதிதாகப் படைக்க முற்படுவீர்கள். அப்பொழுது ராயின் வாழ்வினின்று மூன்றை நினைவிற் கொள்வீராக. உடலின் கணக்கைப் பிழையாதீர். உம் ஊரின் குளத்தையும், வயலையும், அங்கு வாழும் எளியோரையும் நன்கு நோக்கிய பின்னரே வேற்றுலகத்தை நோக்குங்கள். உழைத்துப் படைத்ததைப் பிறர் கையிற் கொடுக்குமுன் எழுத்தால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொலைவிலுள்ள கோளில் உயிர் உண்டோ இல்லையோ, அதனை அறிஞர் ஆராய்ந்து கூறுவர். நம் தெருவில் நாம் நோக்காது கடந்துசெல்லும் உயிர் உண்டு என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. அதனை நோக்கக் கற்றவர் கையே காணாத உயிர்க்கும் உருத் தர வல்லது.